கம்பெனிப் பெயரைக் கேட்காதீர்கள், மாடல் நம்பரைக் கேளுங்கள்: மதுரையில் கம்ப்யூட்டர் பாகங்களும் வீட்டுச் சாமான்களும் வாங்கும் முறை

டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி என்று எந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தாலும், "எஸ்எஸ்டி ஒண்ணு வேணும்ணே" என்றதும் வருகிற முதல் கேள்வி "எந்தக் கம்பெனி தம்பி?" என்பதுதான். எந்த மாடல் என்று அவரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் சொல்வதில்லை. மிக்ஸி, ஃபேன், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாவற்றிலும் இதே கதைதான். அப்பா வாங்கிய கம்பெனி, மாமா வீட்டில் பத்து வருசம் ஓடிய கம்பெனி என்று பெயரை வைத்தே காசு கைமாறுகிறது.

பெயரை முழுசாக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அது சொல்வது கொஞ்சம்தான். மிச்சத்தை மூன்று கேள்வி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்: முழு மாடல் நம்பர் என்ன, உள்ளே இருப்பது யாருடைய சரக்கு, கெட்டுப்போனால் மதுரையில் யார் கையில் கொடுப்பது. பொருளுக்குப் பொருள் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று தூக்கலாக இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு முதல் கேள்வி, எஸ்எஸ்டிக்கு இரண்டாவது, மதர்போர்டுக்கும் மிக்ஸிக்கும் மூன்றாவது.

ஒரு டிஸ்க் போனால் கம்பெனியே மோசமா?

"அந்தக் கம்பெனி வேண்டவே வேண்டாம்ணே, என் மச்சான் வாங்குனது ஆறு மாசத்துல போச்சு." இப்படி ஒருவர் சொன்னால் அதில் ஒரே ஒரு டிஸ்க்கின் கதைதான் இருக்கிறது. எந்த மாடல், எந்த வருசத்து உற்பத்தி, எந்த எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குள் கரண்டு கொடுக்கும் பெட்டி) ஓடியது என்பதெல்லாம் அதில் இல்லை.

ஹார்ட் டிஸ்க்கின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 2000-ஐ ஒட்டி வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி அடிக்கடி செத்து விழுந்ததால் அதற்கு 'டெத்ஸ்டார்' என்றே பட்டப்பெயர் வந்தது. அந்தத் தொழிலை 2003-ல் ஹிட்டாச்சி வாங்கியது, 2012-ல் அது வெஸ்டர்ன் டிஜிட்டல் கைக்குப் போனது. பிறகு எச்ஜிஎஸ்டி என்ற பெயரில் அதே வழியில் வந்த டிஸ்க்குகள், ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் வெளியிடும் கணக்கில் மிகக் குறைவாகக் கெட்டவற்றில் சேர்ந்தன. அதே கணக்கில் சீகேட்டின் 3 டிபி மாடலான எஸ்டி3000டிஎம்001 படுமோசம். அதே சீகேட்டின் 4 டிபி மாடலோ பிழைத்துக்கொண்டது. கம்பெனி ஒன்றுதான், மாடல் மாறியதும் தலையெழுத்து மாறிவிட்டது.

இன்று ஹார்ட் டிஸ்க் செய்கிறவர்கள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூவர்தான். ஆளுக்கொரு மாடலில் வெறுப்பு வைத்தால் கடைசியில் வாங்க ஆளே மிஞ்ச மாட்டார்கள்.

எஸ்எஸ்டி: அதே அட்டைப்பெட்டி, வேறு சரக்கு

பெயரை நம்புகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. நினைவுச் சில்லை, அதாவது நேண்டை, சொந்தமாகச் செய்கிறவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், கூட்டாகச் செய்யும் கியோக்ஸியா-சான்டிஸ்க், சீனாவின் ஒய்எம்டிசி. மற்ற கம்பெனிகள் வாங்கிப் பொருத்தி விற்கின்றன. வாங்கிப் பொருத்தும்போது இன்றைக்கு ஒரு சில்லு, நாளைக்கு விலை குறைந்த வேறொரு சில்லு. பெட்டியின் மேல் ஓர் எழுத்துகூட மாறாது.

இது வெறும் சந்தேகம் கிடையாது. கிங்ஸ்டன் வி300-ல் வேகமான சில்லுக்குப் பதில் மெதுவான வகை வந்து சேர்ந்தது. 2021-ல் குரூஷியல் பி2 டிஎல்சி சில்லிலிருந்து, அதைவிட மலிவான, மெதுவான கியூஎல்சிக்கு மாறியது. அதே ஆண்டு வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்550-லும் சில்லு மாறி, கேஷ் (எழுதுவதை முதலில் வேகமாக வாங்கிக்கொள்ளும் சின்ன இடம்) நிரம்பிய பிறகான எழுதும் வேகம் நன்றாகக் குறைந்தது. சோதனையில் பாராட்டு வாங்கியது ஒரு சரக்கு, ஆறு மாதம் கழித்துக் கடைக்கு வந்தது இன்னொன்று.

வீட்டில் இது எப்படித் தெரியும்? டேலி, பிரவுசர், படம் பார்ப்பது என்று ஓடுகிற கம்ப்யூட்டரில் தெரியவே தெரியாது. கல்யாண வீடியோ எடுக்கிறவர் மெமரி கார்டிலிருந்து 200 ஜிபியை ஒரே மூச்சில் இறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். முதல் கொஞ்ச ஜிபி பறக்கும். கேஷ் நிரம்பியதும் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாக நொண்டும். ஆகவே முதலில் உங்கள் வேலை எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இந்தக் கவலைக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

பெரிய ஃபைல் வேலை உண்டு என்றால், ஸ்பெக் ஷீட்டில் டிபிடபிள்யூ (வாரண்டிக்குள் மொத்தம் எத்தனை டிபி எழுதலாம்) என்ற எண்ணைப் பாருங்கள். 1 டிபி அளவுக்கு குரூஷியல் பி3-ல் 220, கிங்ஸ்டன் என்வி2-ல் 320, சாம்சங் 990 புரோவில் 600. ஒரு நாளைக்கு 40 ஜிபி எழுதினால் வருசத்துக்கு 14.6 டிபி. 220-ஐ எட்டவே 15 வருசம் ஆகும். அதனால் இந்த எண்ணை ஆயுள் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே இருப்பது மலிவான சில்லா நல்ல சில்லா என்பதற்கு அது ஒரு துப்பு, அவ்வளவே. எண் மிகக் குறைவாக இருந்தால் கியூஎல்சியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை:

1. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு, ஓடிய மணிநேரமும் மொத்தம் எழுதிய அளவும் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நூற்றுக்கணக்கில் மணிநேரம் காட்டினால் பெட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

2. 100 ஜிபிக்குக் குறையாத ஃபைலை இன்னொரு வேகமான டிஸ்க்கிலிருந்து காப்பி செய்து, வேகக் கோடு எந்த இடத்தில் சரிகிறது என்று கவனியுங்கள். பென்டிரைவிலிருந்து காப்பி செய்து சோதித்தால் பென்டிரைவின் வேகம்தான் தெரியும்.

3. ஃபர்ம்வேரை, அதாவது டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேரை, புதுப்பியுங்கள். உயர்ந்த பெயருக்கும் இதில் விலக்கு இல்லை. சாம்சங் 980 புரோ 2 டிபியில் ஒரு ஃபர்ம்வேர் பிழையால் டிஸ்க் படிக்க மட்டுமே முடிகிற நிலையில் பூட்டிக்கொண்டது. புதுப்பித்தவர்கள் தப்பினார்கள். பூட்டிக்கொண்ட பிறகு புதுப்பித்துப் பலன் இல்லை.

சந்தையில் 2 டிபி, 4 டிபி என்று எழுதி வெறும் சில நூறு ரூபாய்க்கு விற்கும் பெயரில்லாத சாமானை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை சாஃப்ட்வேர் போட்டு முழுசாக எழுதிப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டுதான் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்

சிசிடிவிக்கும் பேக்கப்புக்கும் இன்னும் இதுதான். கேட்க வேண்டியது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று. சிஎம்ஆர் வகையில் எழுதும் தடங்கள் பக்கம் பக்கமாகத் தனித்தனியே இருக்கும். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒரு தடத்தைத் திருத்தி எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். படிப்பதற்குக் குறையில்லை, தொடர்ந்து எழுதினால் திணறும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில், அதுவும் நாஸ் பெட்டிக்கென்றே (நெட்வொர்க்கில் ஃபைல் சேமிக்கும் பெட்டி) விற்ற 2 முதல் 6 டிபி வரையான மாடல்களில், சொல்லாமல் எஸ்எம்ஆர் வைத்திருந்தது வெளியே வந்தது. ரெய்டை, அதாவது பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்த அமைப்பை, மறுபடி கட்டும்போது டிஸ்க் கழன்றுகொண்டது. அதன் பிறகுதான் சிஎம்ஆர் வகைக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். சீகேட் பாரகுடாவிலும் 1 டிபியான எஸ்டி1000டிஎம்010 சிஎம்ஆர், 2 டிபியான எஸ்டி2000டிஎம்008 எஸ்எம்ஆர். "பாரகுடா கொடுங்கண்ணே" என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வரும் என்பது கடை ஸ்டாக்கைப் பொறுத்தது.

சிசிடிவிக்கு என்றால் வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு வரிசையிலேயே நில்லுங்கள். சாதா டிஸ்க்கை டிவிஆரில் (கேமரா பதிவுப் பெட்டி) போட்டு 24 மணிநேரமும் எழுத விட்டால், மே மாத வெயிலில் ஷட்டருக்குப் பக்கத்துப் பலகையில் வேகிற பெட்டிக்குள் அது அதிக நாள் தாங்காது.

இன்னொன்று: 2025 தொடக்கத்தில், பல ஆயிரம் மணிநேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் ஐரோப்பியக் கடைகளில் புதுசு என்று விற்கப்பட்டது அம்பலமானது. டிஸ்க் தானே எழுதிவைக்கும் வழக்கமான ஸ்மார்ட் கணக்கை அழித்திருந்தார்கள், ஆனால் ஃபார்ம் என்ற தனிப் பதிவு காட்டிக்கொடுத்துவிட்டது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற சாஃப்ட்வேர் மூலம் அதையும் பார்க்கலாம். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் கட்டாயம் பாருங்கள். பிறகு ஒருமுறை முழுசாக எழுதிப் பாருங்கள். 1 டிபிக்கு, விநாடிக்கு 150 எம்பி வேகத்தில், இரண்டு மணிநேரம் போதும். போகிற டிஸ்க் அந்த இரண்டு மணிநேரத்திலேயே போனால் கடையில் மாற்றுவது சுலபம்.

எஸ்எம்பிஎஸ்: லேபிளைப் படியுங்கள்

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 450 என்று இருக்கும். அதை விட்டுவிட்டுக் கீழே உள்ள அட்டவணையில் +12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 16 = 192 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட் வழியில்தான். அந்தப் பெட்டியின் நிஜ பலம் 200 வாட்கூட இல்லை. நல்ல 450 வாட் சப்ளையில் 12 வோல்ட் மட்டுமே 400-ஐத் தாண்டும்.

கணக்குப் போடும் முறை எளிது. 65 வாட் ரைசன் பிராசஸர் உச்சத்தில் 88 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115. போர்டு, டிஸ்க், ஃபேன்களுக்கு 50 வையுங்கள். மொத்தம் 253. திடீர் இழுப்புக்கும் வெயிலுக்கும் இடம் விட்டு 550 வாட் வாங்கினால் போதும். 750 வாங்கினால் கூடுதல் பாதுகாப்பு என்பது விற்பனைப் பேச்சு.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு முத்திரைகளை நிறையப் பேர் தர முத்திரை என்று நினைக்கிறார்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவு மட்டும். சோதனை நடப்பதும் 23 டிகிரியை ஒட்டிய அறையில். நம்மூர் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறைக்குள் பெட்டி எந்தச் சூட்டில் ஓடும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே ஸ்பெக்கில் 'எத்தனை டிகிரி வரை முழு வாட்' என்று தேடுங்கள். ஒரே கம்பெனியின் கீழ் வரிசையில் 30 அல்லது 40 என்றும் மேல் வரிசையில் 50 என்றும் இருக்கும். வாரண்டி ஆண்டும் இதையேதான் சொல்கிறது: 3, 5, 10 என்று ஏறும். பெயருக்காக மூன்று வருச வாரண்டிப் பெட்டியை வாங்குவதைவிட, அதே விலைக்கு ஐந்து வருசம் தருகிற அதிகம் கேள்விப்படாத பெயர் மேல்.

கோர்சேர் போன்ற பெரிய பெயர்கள்கூட இதைச் சொந்தமாகச் செய்வதில்லை. சிடபிள்யூடி, கிரேட் வால் போன்ற தொழிற்சாலைகளில் செய்து வாங்குகிறார்கள். சீசானிக், சூப்பர் ஃபிளவர் போல, செய்து தாங்களே விற்கிறவர்களும் உண்டு. பெரிய பெயர் என்பது காப்பு ஆகாது. 2021-ல் கிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் மாடல்கள் சோதனையில் வெடித்து, கம்பெனியே மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அதே கம்பெனியின் மதர்போர்டை வாங்குவதற்கு இது தடையும் இல்லை.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் பம்புசெட் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். லேபிளில் உள்ளீடு 200-240 வோல்ட் என்று இருந்தால் அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும், பழி மதர்போர்டின் மேல் விழும். 100-240 என்று இருப்பதை வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுப் புதுப் பெட்டியில் செருகவே கூடாது. செருகு பொருந்தும், ஆனால் பெட்டிப் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எல்லா டிஸ்க்கும் ஒரே நொடியில் எரியும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்கூட இது நடக்கும்.

யூபிஎஸ் விசயத்தில் பெயரைவிட உள்ளிருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரிதான் பொருட்டு. சூடு பத்து டிகிரி கூடினால் இந்த வகை பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு மூன்று வருசத்தில் பேட்டரி மட்டும் மாற்றினால் போதும், யூபிஎஸ்ஸைத் தூக்கிப் போட வேண்டாம்.

பிராசஸர், போர்டு, மற்றவை

இன்டெல்லா ஏஎம்டியா என்ற சண்டை டீக்கடை வரை நடக்கிறது. 2011-ல் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ் வரிசையை வாங்கியவர்கள் சூட்டிலும் கரண்டு பில்லிலும் நொந்தார்கள். 2017-ல் ரைசன் வந்ததும் நிலைமை தலைகீழ். பிறகு இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் வோல்டேஜ் கோளாறால் நிலைதடுமாறி, 2024-ல் கம்பெனி மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் நிரல்) திருத்தம் வெளியிட்டு வாரண்டியை இரண்டு வருசம் நீட்டியது. 2023-ல் ஏஎம்டியின் 7800எக்ஸ்3டி சில போர்டுகளில் கருகி, பிராசஸருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட புது பயாஸ் (போர்டிலேயே இருக்கும் ஆரம்ப சாஃப்ட்வேர்) வந்தது. இரண்டு பக்கமும் கறை உண்டு. ஆகவே எது வாங்கினாலும், விண்டோஸ் போடும் முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் இன்டெல் 13, 14 வாங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்: ஏற்கெனவே பழுதான சில்லைத் திருத்தம் சரிசெய்யாது.

நியாயமான பற்று ஒன்று உண்டென்றால் அது சாக்கெட், அதாவது போர்டில் பிராசஸர் உட்காரும் இடம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017 போர்டு வைத்திருந்தவர்களில் பலர், போர்டை மாற்றாமல் பயாஸை மட்டும் புதுப்பித்து, ரைசன் 5000 வரிசை வரை ஏறினார்கள். இன்டெல் 2020, 2021, 2024 என்று சாக்கெட்டை மாற்றிக்கொண்டே வந்தது. மூன்று வருசம் கழித்துப் பிராசஸர் மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் இதை எடை போடுங்கள். இல்லாவிட்டால் இன்றைக்கு எது விலைக்கு ஏற்ற வேகம் தருகிறதோ அது.

மதர்போர்டில் சர்வீஸ்தான் எல்லாம். சாக்கெட் மேல் வரும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். சாக்கெட்டின் முள் வளைந்திருந்தாலோ, மூடி இல்லாமல் அனுப்பி வழியில் வளைந்தாலோ, வாரண்டி போச்சு.

ரேமில் சில்லு செய்வோர் பெரும்பாலும் சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான். மற்றவர்கள் ஒரே மில் துணியில் ஆளுக்கொரு லேபிள் தைக்கிற கணக்குதான். ஒன்றாக விற்கும் 8+8 ஜிபி ஜோடியாக வாங்குங்கள். டிடிஆர்4 3200-லேயே சிஎல்22, சிஎல்16 என்று உண்டு (இது தாமத அளவு, குறைவாக இருப்பது நல்லது), விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் 16. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேரை நான்கு சுற்று ஓட்டி, ஒரே ஒரு பிழை வந்தாலும் மாற்றுங்கள். பெயரை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு சேதி: குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்துவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதேபோல கிராஃபிக்ஸ் கார்டில் ரசிகர் பட்டாளமே வைத்திருந்த ஈவிஜிஏ 2022-ல் கார்டு தொழிலை விட்டே போனது.

கிராஃபிக்ஸ் கார்டில் பெயர் ஒன்று, உள்ளடக்கம் இரண்டு. ஜிடி 1030-ல் ஜிடிடிஆர்5 உள்ளது விநாடிக்கு 48 ஜிபி நகர்த்தும், டிடிஆர்4 உள்ளது 16.8 மட்டுமே. ஆர்டிஎக்ஸ் 3050-ல் 8 ஜிபி கார்டுக்கு 2560 கோர், 6 ஜிபி கார்டுக்கு 2304, மெமரிக்குப் போகிற பாதையான பஸ்ஸும் குறுகல். பில்லில் வெறும் '3050' என்று எழுத விடாதீர்கள்.

பிரிண்டர்

டிடிபி கடைகளிலும் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் இன்னும் ஓடுகிற எச்பி 1020-உம் கேனன் எல்பிபி2900-உம் வெளியே பார்க்க வேறு, உள்ளே எஞ்சின் கேனனுடையது. எச்பியின் 12ஏ டோனர் இரண்டிலும் உட்காரும். இது தெரியாமல் கேனன் டோனர் ஸ்டாக் இல்லை என்று காத்திருந்தவர்கள் உண்டு.

பிரிண்டரைப் பொறுத்தவரை மெஷின் விலையைப் பார்க்க வேண்டாம், பக்கத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 12ஏ கணக்குக்கு 2000 பக்கம். டோனர் விலையை 2000-ஆல் வகுத்தால் பக்கச் செலவு. சிப் வைத்த கார்ட்ரிட்ஜ் என்றால், ரீஃபில் செய்தாலும் ஏற்குமா என்று ரீஃபில் போடுகிறவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். விற்கிறவரைவிட அவருக்குத்தான் உண்மை தெரியும்.

வீட்டுச் சாமான்

பழைய பெயருக்குப் பின்னால் முதலாளி மாறியிருப்பார். பிரீத்தியை 2011-ல் பிலிப்ஸ் வாங்கியது. பட்டர்ஃபிளை 2022-ல் கிராம்ப்டன் கைக்குப் போனது. கோடக், தாம்சன், பிளாபுங்க்ட் மூன்று டிவியும் இந்தியாவில் சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ் என்ற ஒரே கம்பெனி உரிமம் வாங்கிச் செய்வது. இதனால் சாமான் மோசம் என்று அர்த்தமில்லை, பத்து வருசத்துக்கு முந்தைய அனுபவத்தை இன்றைய பொருளுக்கு ஒட்டவைக்க முடியாது.

மிக்ஸியில் முதலில் போவது மோட்டார் இல்லை. ஜாருக்கு அடியில் இருக்கும் புஷ்ஷும், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரும்தான். கடைக்குப் போகும் முன் உங்கள் ஏரியா மிக்ஸி ரிப்பேர்க் கடையில் நின்று, "இந்த மாடலுக்குக் கப்ளர், கார்பன் பிரஷ், பிளேடு கிடைக்குமாண்ணே?" என்று கேளுங்கள். "அதுக்கு ஆர்டர் போடணும்" என்றால் அந்த மாடல் வேண்டாம். தொடர்ந்து 5 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் ஓய்வு என்பது போல லேபிளில் எழுதியிருக்கும். இட்லி மாவை அதில் அரைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டக் கூடாது. ஓடாமல் நின்றுவிட்டால், ரிப்பேருக்குத் தூக்கும் முன் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை ஆறியபின் அழுத்திப் பாருங்கள். பாதி 'பழுது' அதிலேயே தீரும்.

ஃபேன்: சாதா ஃபேன் 75 வாட், கரண்டு குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30. தினமும் 15 மணிநேரம் ஓடினால் மாதம் 20 யூனிட், இரண்டு மாத பில்லில் 40 யூனிட் மிச்சம். ஆனால் சாதா ஃபேன் மெதுவாகச் சுற்றினால் 2.5 எம்எஃப்டி கப்பாசிட்டரை மாற்றி யாரும் சரிசெய்துவிடுவார்கள். பிஎல்டிசியில் உள்ளே இருக்கும் போர்டு போனால் வைண்டிங் கடைக்காரர் கைவிரித்துவிடுவார். அங்கே பெயர் பார்க்கலாம், அதாவது அந்தப் பெயருக்கு மதுரையில் ஆள் வந்து பார்க்கிற சர்வீஸ் இருக்கிறதா என்று.

இன்வெர்ட்டர் பேட்டரியில் 150 ஏஎச் என்றால் சி20-லா (20 மணிநேரத்தில் காலி செய்து அளந்தது) சி10-லா (10 மணிநேரத்தில்) என்று பாருங்கள். சி10-ல் 150 என்பதுதான் பெரியது. 36+24 வாரண்டி என்றால் முதல் 36 மாதம் இலவச மாற்று, அடுத்த 24 மாதம் புதுசில் தள்ளுபடி மட்டும். ஐந்து வருச வாரண்டி என்று கடையில் சொல்வது இதைத்தான். உற்பத்தித் தேதி மேலேயே அடித்திருக்கும். ஆறு மாதம் குடோனில் கிடந்ததை வாங்காதீர்கள்.

பில்லும் வாரண்டியும்

மதுரைக்குச் சரக்கு பெரும்பாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வழியாகவோ டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகவோ வருகிறது. வாங்கும் முன் கடையில் இப்படிக் கேளுங்கள்: "வாரண்டி நீங்களே வாங்கி அனுப்புவீங்களா, நாங்க சர்வீஸ் சென்டருக்குப் போகணுமா? மதுரையில இருக்கா, சென்னைக்கு அனுப்பணுமா? எத்தனை நாளாகும்?" சென்னைக்குப் போய்வர வாரக்கணக்கு ஆகலாம் என்றால் அதற்குத் தகுந்தபடி விலையைப் பேசுங்கள். இந்தியாவுக்கு முறையாக இறக்குமதி ஆகாத சரக்கா என்று தெரிய, சீரியல் நம்பரைக் கம்பெனியின் வாரண்டிப் பக்கத்தில் கடையில் நிற்கும்போதே போட்டுப் பார்க்கலாம். சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் உடனே காட்டிவிடும்.

பில்லில் மாடல் நம்பர், சீரியல் நம்பர், ஜிஎஸ்டி எண் மூன்றும் இருக்க வேண்டும். வெள்ளைத் தாள் சீட்டு செல்லாது. தெர்மல் பில் ஒரு வருசத்தில் வெளுத்துவிடும், அன்றே ஜெராக்ஸ் எடுத்துப் போட்டோவும் பிடித்து வையுங்கள். வாரண்டியில் திரும்பி வருகிற டிஸ்க் பெரும்பாலும் சரிசெய்யப்பட்ட பழையதாக இருக்கும், உங்கள் டேட்டா அதில் இருக்காது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான். முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப் என்றாலும் பரவாயில்லை, தேதி பதிவாகட்டும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருசத்துக்குள் போட வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் சென்டர் ஜாப் ஷீட், நீங்கள் அனுப்பிய புகார்: இந்த நான்கின் நகலையும் இணைத்துக் கொடுங்கள். ஜாப் ஷீட்டில் 'பிசிக்கல் டேமேஜ்', அதாவது விழுந்து உடைந்தது போன்ற சேதம், என்று அவர்கள் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும் முன் படித்துவிட்டு, ஏற்கவில்லை என்று அதிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.